ஆர்ப்பும் ஆரவாரமும்: சில சொற்களின் வரலாறு

அகராதி ஏற்றுக்கொண்ட சொற்களுக்கு மட்டுமன்று, அதன் வாயிலுக்கு வெளியே நிற்கும் சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றுள்ளும், கூச்சலையும் கும்மாளத்தையும் குறிக்கும் கொச்சைச் சொற்களின் வரலாறு நாம் நின்று நோக்கத் தக்கது. கற்றோர் இச்சொற்களைக் கட்டுரையில் எழுதத் தயங்குவர். ஆயினும் பிள்ளைகளை அதட்டும்போது அவர்கள் வாயில் முதலில் வருவன இவையே.

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஊர்த் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். "இரதம் வந்ததும் ஒரே கெச்சோவாக இருந்தது" என்பது அதில் ஒரு வாக்கியம். 'கெச்சோ' என்பது அமளியைக் குறிக்கும் மலாய்ச் சொல். நான் அதனைச் சிவப்பு மையால் அடித்து, 'இரைச்சல்' என்று திருத்தினேன். மறுநாள் அவன் ஏட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இரைச்சல் இல்லீங்க ஐயா, எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க" என்றான்.

அச்சிறுவனின் மறுப்பே இக்கட்டுரைக்கு வித்து. அவன் கூட்டத்தினுள் நின்று கேட்டான். நான் கூட்டத்திற்கு வெளியே நின்று பெயரிட்டேன். ஒலி ஒன்றுதான், செவிதான் வேறு. ஆரவாரத்தைக் குறிக்கும் சொற்களின் வரலாறு, பெரும்பாலும் அவ்வாரவாரத்தை யார் கேட்டார் என்பதன் வரலாறாகவே இருக்கிறது.

பழந்தமிழ்ச் செவி

ஆரவாரத்தைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் பழந்தமிழில் இல்லை. தொல்காப்பிய உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கு சொற்கள் அரவம் என்னும் பொருளில் ஒருங்கு வைக்கப்பட்டுள்ளன. சும்மை என்றால் பேரொலி என்று சொன்னால் இன்றைய மாணவன் வியப்பான். 'சும்மா இரு' என்றே அவன் கேட்டுப் பழகியிருக்கிறான்.

கம்பலை ஊர் வாழ்வதற்கு அடையாளம். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், நாளங்காடியின் ஒலியையும் அல்லங்காடியின் ஒலியையும் மதுரையின் பெருமையாகவே பாடுகிறார். இரவுக் கடைத்தெருவின் கம்பலை அவர் செவிக்குப் பலவகைப் பறவைகள் கூடி ஒலிப்பதுபோல் இருந்தது. ஒலி அடங்கிய ஊர் பாழூர் என்பதே அக்காலப் புலவரின் எண்ணம்.

கலி என்னும் சொல்லோ ஒலியையும் குறிக்கும், மகிழ்ச்சியையும் குறிக்கும். பா வகை நான்கனுள் ஒன்றுக்கும் அதுவே பெயர். கலிப்பாவின் ஓசையைத் துள்ளல் ஓசை என்று இலக்கணம் கூறுகிறது. மக்களின் துள்ளலைப் புலவர்கள் பாவாக்கிக்கொண்டனர், பழிக்கவில்லை.

நான்காவது சொல்லாகிய அழுங்கல் நம் சிந்தனைக்கு உரியது. அதற்கு அரவம் என்று பொருள் கூறிய தொல்காப்பியர், இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என்கிறார். களிப்பும் கேடும் ஒரே சொல்லில் தங்க இயலுமோ என்று ஐயுறுவோர், ஒருமுறை தோட்டத்துக் கள்ளுக்கடையைச் சம்பள நாள் மாலையில் நினைத்துப் பார்த்தால் போதும். அதனைப் பின்னர்க் காண்போம்.

கலை பெயராகி, பெயர் வசையானது

காலம் செல்லச் செல்ல, அண்டை மொழிகளிலிருந்து ஆரவாரச் சொற்கள் பல தமிழ் பேச்சுவழக்கில் வந்து கலந்தன. 'கலாட்டா' தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் சொல். 'ரகளை'யும் அவ்வாறே. கன்னடத்தில் 'ரகளெ' என்பது தொல்லையை மட்டுமன்றி ஒரு யாப்பு வகையையும் குறிக்கும். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஹரிஹரர் என்னும் கன்னடப் புலவர், சிவனடியார்களின் வரலாறுகளை அந்த யாப்பிலேயே பாடினார். நம் சுந்தரரும் அவர் பாட்டில் இடம்பெற்றார். தமிழில் கலி எப்படி ஒலியும் பாவும் ஆயிற்றோ, அப்படியே கன்னடத்தில் ரகளையும் இரு பொருள் தாங்கி நிற்கிறது. நம்மிடம் வந்து சேர்ந்தது தொல்லைப் பொருள் மட்டுமே.

'தமாஷ்' நெடுந்தொலைவு பயணம் செய்த சொல். நடத்தலைக் குறிக்கும் அரபு வேரில் பிறந்து, பாரசீகத்தில் வேடிக்கை பார்த்தல் என்னும் பொருள் பெற்று, இந்துஸ்தானி வழியாகத் தென்னாடு வந்தது. மராட்டிய நாட்டில் அது ஆடலும் பாடலும் கலந்த ஒரு நாட்டுப்புறக் கலைக்குப் பெயர். தமிழிலோ வெறும் கேலிப் பேச்சு.

அயற்சொற்களுக்கு மட்டும் நேர்ந்த கதி அன்று இது. கூத்து என்பது நம் தொன்மையான கலை. தொல்காப்பியர் கூத்தரைப் பாணர், பொருநர், விறலியர் ஆகியோருடன் ஒருசேர வைத்துப் பேசுகிறார். இன்றோ, "இது என்ன கூத்து?" என்றால் ஏளனம், "கூத்தடிக்கிறான்" என்றால் வசை. எளிய மக்களின் கலைகள் மதிப்பிழந்தபோது அவற்றின் பெயர்களும் மதிப்பிழந்தன என்பது இதனால் தெளிவாகும்.

மலாக்காத் துறைமுகத்தில்

இச்சொற்களின் பயணத்தில் நம் மலாக்காவுக்குத் தனி இடம் உண்டு. 1512 முதல் 1515 வரை இங்குத் தங்கியிருந்த போர்த்துகீசியர் தொமே பிரெஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். அத்தனை மொழியினர் கூடிய இடத்தில் சொற்களும் கைமாறாமல் இருக்குமா?

நாம் 'தமாஷ்' என்று சிரிக்கும் சொல், மலாய் மொழியில் 'தெமாஷா' என வடிவம் பெற்று விழாவைக் குறிக்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்களில் 'தெமாஷா சுக்கான்' என்னும் மலாய்த் தொடரைக் காணாத ஆசிரியர் இல்லை. ஒரே சொல், தமிழாசிரியரின் வாயில் கேலியாகவும், அவர் கையெழுத்திடும் கடிதத்தில் பெருவிழாவாகவும் விளங்குகிறது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றி 1641 வரை ஆண்ட போர்த்துகீசியரின் 'ஃபெஸ்தா', மலாயில் 'பெஸ்தா' ஆயிற்று. இங்குள்ள போர்த்துகீசியக் குடியிருப்பில் ஆண்டுதோறும் சூன் திங்களில் செயின்ட் பீட்டர் விழா நடைபெறும்போது அச்சொல்லின் மூல வடிவத்தை இன்றும் கேட்கலாம்.

பொற்கொல்லர் தெருவுக்குச் சென்றால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், 1748ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அங்கே அண்மையில் நிற்கின்றன. சற்று அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். ஆலயமணியும், பாங்கொலியும், சீனப் பறையும் தலைமுறை தலைமுறையாக ஒரே காற்றில் கலந்து வருகின்றன. அடுத்தவரின் வழிபாட்டு ஒலியை இரைச்சல் என்று கருதியிருந்தால் அத்தெரு இத்தனை காலம் நிலைத்திருக்க முடியாது.

ஆயினும் அப்பள்ளிவாசலின் பெயரிலுள்ள 'கிளிங்' என்னும் சொல் வேறொரு கதையைக் கூறுகிறது. அது கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு இந்திய நாட்டைக் குறிக்க அப்பெயரை மதிப்போடு ஆளுகிறது. பிற்காலத்தில் அது இழிசொல்லானது. அப்போது, கைதிகளின் கால்விலங்கு 'கிளிங், கிளிங்' என ஒலித்ததால் வந்த பெயர் என்று ஒரு கட்டுக்கதையும் முளைத்தது. தொன்மையான நாட்டின் பெயரை வெறும் ஓசையாக்கிவிட்டால் அப்பெயருக்குரிய மக்களின் வரலாறும் மறைந்துபோகிறது அன்றோ?

அழுகையைக் களிப்பென்று கேட்ட செவி

இதற்குச் சிறந்த சான்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில் கலந்த சொற்களைத் தொகுத்து, ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்னும் இருவர் ஆக்கிய அகராதி 1886இல் வெளிவந்தது. பர்னல் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தவர்; தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அந்நூலின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. ஆங்கிலப் படைவீரர் நாவில் இத்தொடர் உள்நாட்டு மக்களின் விழா ஆரவாரத்தைக் குறித்தது.

அதன் மூலம் யாது? மொகரம் நாளில் மக்கள் மார்பில் அறைந்துகொண்டு எழுப்பிய "யா ஹசன்! யா ஹுசைன்!" என்னும் கதறல். 680ஆம் ஆண்டு கர்பலாவில் கொல்லப்பட்ட ஹுசைனை எண்ணி அழுத அழுகை அது. அந்த அழுகையைத் தெருவோரம் நின்று கேட்ட படைவீரனின் செவிக்கு அது ஒரு கும்மாளம். இரங்கல் ஒலி, கேட்டவனின் அறியாமையால், களியாட்டத்தின் பெயராகிவிட்டது.

இன்னும் ஒன்று. 'ரவுடி' என்னும் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. இந்தியாவில் அது காவல் நிலையப் பதிவேட்டில் ஏறி, பின்னர்த் தமிழ் வசையாயிற்று. பறை என்னும் கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் பெயர், ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொதுப்பொருளில் இன்றும் வழங்குகிறது. பறைதல் என்றால் சொல்லுதல் என்பதை அச்சொல்லை ஆண்டவர் அறிந்திலர். பேசும் கருவியை அவர்கள் வெற்றொலி எனக் கேட்டனர்.

லயத்தில் கேட்ட ஒலி

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கும் மணியோசை. பகலில் காற்றில் ரப்பர்க் காய் வெடிக்கும் ஓசை. சம்பள நாள் மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் பாட்டும் சண்டையும். அன்றிரவு லயத்தில் ஏதேனும் ஒரு வீட்டில் பாத்திரம் உருளும். ஒரு தாய் அழுவாள். அழுங்கலுக்குக் கேடு என்னும் பொருளும் உண்டு என்பதைத் தொல்காப்பியம் பயில்வதற்கு முன்னரே நான் அறிந்துகொண்டேன். கள் தந்த ஆரவாரத்தை நான் போற்றவில்லை. அது எங்கள் குடும்பங்களை அழித்தது.

ஆயினும் எல்லா ஒலியும் கள்ளின் ஒலி அன்று. எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் இரவு, அடுத்த வீட்டுக் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துவிட்டது. பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். மேட்டிலிருந்த கிராணியார் வீட்டிலிருந்து ஒருவர் விளக்கோடு வந்து, "இந்த நேரத்துல என்ன ரகளை?" என்று அதட்டினார். என் தந்தையார் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "புள்ள தவறிப்போச்சுங்க" என்றார். வந்தவர் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் பெயரின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அந்த விளக்கு வெளிச்சமே என் கண்முன் நின்றது.

நாட்டு வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவம், துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவிலிருந்து விடுதலை ஆகியன. அவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. ஆட்சியாளரோ அதனைக் கலகம் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். குடிவெறியின் கூச்சலை ஒழிக்கக் கேட்ட குரலே கலகமாகக் கேட்கப்பட்டது! போர்க்கள முழக்கத்தைக் குறித்த ஆர்ப்பு என்னும் பழஞ்சொல், 'ஆர்ப்பாட்டம்' என்னும் வடிவில் இன்று உரிமை கேட்போரின் அணிவகுப்பைக் குறிக்கிறது. மக்கள் ஒரு சொல்லை மீட்டுக்கொண்ட நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

ஆசிரியர் கடமை

இன்று அந்தத் தோட்டம் இல்லை. செம்பனை நின்ற இடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. லயத்துப் பிள்ளைகள் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலும் பயில்கின்றனர். அவர்கள் 'கெச்சோ' என்கிறார்கள். 'காச்சாவ் பண்ணாதே' என்கிறார்கள். திரைப்படம் கற்றுத்தந்த 'அலப்பறை'யையும் சொல்கிறார்கள். தேர்வுத் தாளில் இவற்றை எழுதலாகாது என்று நாம் கற்பிக்கத்தான் வேண்டும். செந்தமிழ் நடை மாணவனுக்கு நாம் தரும் செல்வம். அதில் குறைவைத்தல் கூடாது.

ஆனால், அடிப்பதற்கு முன் கேட்டல் வேண்டும். அம்மாணவனுக்கு நான் மூன்று சொற்களைப் பலகையில் எழுதிக் காட்டினேன்: இரைச்சல், ஆரவாரம், கலகலப்பு. "எது உன் திருவிழா?" என்று கேட்டேன். அவன் சற்று எண்ணி, "கலகலப்பு, ஐயா" என்றான். வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் தத்தம் வீட்டில் வழங்கும் சொற்களைக் கூறத் தொடங்கினர். அரைமணி நேரத்தில் பலகை நிறைந்துவிட்டது. அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஒரே ரகளையாக இருக்கிறது?" என்று சிரித்தார்.

"ரகளை அன்று, கம்பலை" என்றேன். பிள்ளைகள் அச்சொல்லையும் எழுதிக்கொண்டார்கள்.