பாண்டி பஜார் நடைபாதை வளாகம்

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் என்பது சென்னை, தியாகராய நகரில் உள்ள தியாகராயர் சாலையில் பாதசாரிகளுக்காக மறுசீரமைக்கப்பட்ட பொதுவெளி ஆகும். சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்பட்ட இது, 2019 நவம்பர் 13 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியால் திறந்து வைக்கப்பட்டது.

பெயர்

இக்கடைவீதியின் அதிகாரப்பூர்வப் பெயர் சௌந்தரபாண்டியன் அங்காடி ஆகும். நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனின் பெயரே மருவிப் 'பாண்டி பஜார்' ஆனது என்பது ஒரு கருத்து.

வரலாறு

மாம்பலம் ஏரி இருந்த நிலப்பரப்பில் 1920களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பிட்டி தியாகராயரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. குடியிருப்புப் பகுதியாகத் திட்டமிடப்பட்ட இந்நகர் பின்னர் பெரும் வணிக மையமாக மாறியது. நடைபாதைகளைக் கடைகளும் ஊர்திகளும் நிறைத்ததால், நடந்து செல்வோர் சாலையில் இறங்க நேர்ந்தது.

மறுசீரமைப்பு

சென்னை மாநகராட்சி 2014 ஆம் ஆண்டு இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் சாலையில் முன்னுரிமை அளிப்பது இதன் நோக்கமாகும். இதற்கேற்பப் பாண்டி பஜாரில் ஊர்திகளுக்கான பகுதி குறைக்கப்பட்டு, நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்டன. இருக்கைகளும் விளக்குகளும் சிறுவர் விளையாட்டுச் சாதனங்களும் அமைக்கப்பட்டன. டென்மார்க்கின் கோபனாவன் நகரில் 1962 ஆம் ஆண்டு ஊர்திகள் விலக்கப்பட்ட இசுட்ரோயெட் கடைவீதி இவ்வகை முயற்சிகளுக்கு முன்னோடியாகும். பாண்டி பஜாரில் ஊர்திகள் முற்றிலும் விலக்கப்படவில்லை.

சிக்கல்கள்

நடைபாதை வணிகர்கள்: இங்கு நெடுங்காலம் கடை வைத்திருந்த நடைபாதை வணிகர்கள் 2013 ஆம் ஆண்டு பல அடுக்கு வணிக வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். வழிப்போக்கர்களை நம்பிய சிறு வணிகத்திற்கு மாடிக் கடைகள் ஏற்றவையல்ல என்பது இத்தகைய இடமாற்றங்கள் மீதான பொதுவான விமர்சனமாகும். தெரு வணிகர்களின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் நடுவண் சட்டம் 2014 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது.

வெள்ளம்: ஏரிப்படுகையில் அமைந்ததால் தியாகராய நகரில் மழைநீர் எளிதில் தேங்குகிறது. இந்நீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றை அடைய வேண்டும். 2021 நவம்பர் மழையில் இந்நகரின் பல தெருக்கள் நீரில் மூழ்கின. சாலையின் மேற்பரப்பைப் புதுப்பிப்பதுடன் வடிகாலையும் சீராக்கினாலன்றி இத்தகைய மறுசீரமைப்பு நிலைத்த பயன் தராது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இவற்றையும் பார்க்க

தியாகராய நகர்
பனகல் பூங்கா
மாம்பலம் கால்வாய்