தொட்டபெட்டாவில் எடுத்த கிரகணப் படங்கள்

1871 டிசம்பர் 12 காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நீலகிரியைக் கடந்தது. மறைந்த சூரியனைச் சுற்றித் தெரியும் கொரோனா என்னும் வெண்ணிற ஒளி சூரியனுக்கு உரியதா, நம் காற்று மண்டலத்தின் மாயமா என்பது அன்று தீராத வழக்கு. கர்னல் டென்னன்ட் குழுவினர் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவிலும், லிண்ட்சே பிரபுவின் உதவியாளர் டேவிஸ் மேற்குக் கடற்கரைப் பேக்கலிலும் படமெடுத்தனர். அக்காலக் கொலோடியன் தகட்டை ஈரம் உலருமுன் ஒளிபடச் செய்து கழுவிவிட வேண்டும். முழு மறைப்போ சுமார் இரண்டே நிமிடம்! கண்ணால் கண்டு வரைந்த ஓவியங்கள் ஆளுக்கு ஆள் மாறுபட்டன. இவ்விரு இடத்துப் படங்களிலோ கொரோனாவின் உருவம் ஒத்திருந்தது. மலைக்காற்றும் கடற்காற்றும் ஒரே உருவைத் தீட்டுமா? அதே காலை, நீலகிரிச் சோலூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் கொரோனாவின் நிறமாலையில் சூரிய ஒளிக்குரிய கருங்கோடுகளைக் கண்டார். விண்வெளித் தூசு சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் அவை தோன்றுகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.