ரெட்ஃபிஷ் யாருடைய மீன்?

மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போது டெக்சாஸ் கரையோர உப்பங்கழிகளில் தண்ணீர் சூடேற ஆரம்பிக்கும். குளிருக்கு ஆழத்தில் ஒதுங்கியிருந்த மீன்கள் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு ஏறி வரும். இறாலும் மடவைக் குஞ்சும் புல்திட்டுகளில் மொய்க்கும், அவற்றைத் துரத்திக்கொண்டு பெரிய மீன்கள் வரும், அந்த மீன்களைத் தேடித் தூண்டில்காரர்கள் வருவார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடுவது இரண்டு மீன்களை. ஒன்று ரெட்ஃபிஷ், இன்னொன்று புள்ளி ட்ரவுட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் கழியில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துச் சாப்பிடலாம். ஆனால் அதே மீனைப் பக்கத்துத் தெரு உணவகத்துக்கு விற்றால் சட்டப்படி குற்றம். அந்த உணவகத்தில் கிடைக்கும் ரெட்ஃபிஷ் பண்ணைக் குளத்தில் வளர்ந்தது. கடலோர ஊரில் கடல்மீனை விற்கக் கூடாது என்ற நிலைமை எப்படி வந்தது?

அதற்கு முன்னால் மீன்களைப் பற்றிக் கொஞ்சம். ட்ரவுட் என்ற பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலை ஓடைகளில் இருக்கும் ட்ரவுட்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ரெட்ஃபிஷ், புள்ளி ட்ரவுட் இரண்டுமே நம்மூர் கத்தாழை, பன்னா மீன்களின் குடும்பம். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து உறுமுகிற ஜாதி. ரெட்ஃபிஷ்ஷுக்கு 'சிவப்பு முரசு' என்று பொருள்படும் இன்னொரு பேர் இருப்பதும் அதனால்தான்.

ஒரே கழியில் பிடிபட்டாலும் இரண்டுக்கும் வாழ்க்கை வேறு. புள்ளி ட்ரவுட் பிறப்பதும் வளர்வதும் பெரும்பாலும் கழியிலேயே. வசந்தத்தில் தொடங்கி கோடை முழுக்க அங்கேயே முட்டையிடும். ரெட்ஃபிஷ் அப்படியில்லை. அது இலையுதிர் காலத்தில் முகத்துவாரங்களை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு கழிக்குள் வந்து மூன்று நான்கு வருஷம் வளரும். பருவம் வந்ததும் வெளிக்கடலுக்குப் போய்ப் பெருங்கூட்டத்தில் சேர்ந்துவிடும். அங்கே முப்பது, நாற்பது வருஷம்கூட வாழும். அதாவது, வசந்தத்தில் கழியில் தூண்டிலைக் கடிக்கும் ரெட்ஃபிஷ் பெரும்பாலும் இன்னும் முட்டையிடாத இளசு. தாய்மீன்கள் வெளியே கடலில் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

1970களில் டெக்சாஸ் கழிகளில் செவுள் வலைகள் பெருகின. மீன் குறைந்தது. வலைக்காரர்கள் தூண்டில்காரர்களைக் குறை சொன்னார்கள், தூண்டில்காரர்கள் வலைக்காரர்களை. 1977இல் ஹூஸ்டனில் 14 தூண்டில்காரர்கள் கூடி வளைகுடாக் கரைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் அதில் சேர்ந்தார்கள், சட்டமன்றக் கதவைத் தட்டினார்கள். 1981இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது: அந்த மாநிலக் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷையும் புள்ளி ட்ரவுட்டையும் இனி விற்கக் கூடாது.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். இங்கேதான் ஒரு வாணலி குறுக்கே வருகிறது.

நியூ ஆர்லியன்ஸில் 1979இல் 'கே-பால்ஸ்' என்ற உணவகம் திறக்கப்பட்டது. அதன் சமையல்காரர் பால் ப்ருடோம் ரெட்ஃபிஷ் துண்டை வெண்ணெயில் முக்கி, மிளகாய்த்தூளும் மசாலாவும் அப்பி, புகைய புகையக் காய்ந்த இரும்பு வாணலியில் போட்டுக் கருக்கினார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கொஞ்ச வருஷத்தில் அமெரிக்கா முழுக்க உணவகங்களில் 'கருக்கிய ரெட்ஃபிஷ்' இல்லாத மெனு இல்லை என்றாகிவிட்டது.

அவ்வளவு மீனுக்கு எங்கே போவது? கழி மீன் போதாது. கரையை ஒட்டிய கடல்தான் மாநிலத்தின் ஆளுகைக்குள் வரும், அதற்கு அப்பால் மத்திய அரசின் எல்லை. அங்கே பெரிய படகுகள் போயின. மேலே சிறு விமானம் சுற்றி மீன்கூட்டத்தைக் கண்டு சொல்லும், கீழே சுருக்குமடி வலை மொத்தக் கூட்டத்தையும் வளைத்துவிடும். அந்தக் கூட்டத்தில் இருந்தவை, மேலே சொன்னேனே, அந்தத் தாய்மீன்கள். உள்ளே கழியில் இளசுகளையும், வெளியே கடலில் தாய்களையும் ஒரே சமயத்தில் பிடித்தால் எந்த மீன் தாங்கும்? 1986இல் மத்திய அரசு அவசரமாகக் குறுக்கிட்டது. சீக்கிரமே வளைகுடாவின் மத்திய எல்லைக்குள் ரெட்ஃபிஷ் பிடிப்பது முழுக்க நிறுத்தப்பட்டது. இன்றுவரை அந்தத் தடை நீங்கவில்லை.

நடுவில் இயற்கையும் ஒரு அடி கொடுத்தது. 1983 டிசம்பரில் வந்த கடுங்குளிரில் டெக்சாஸ் கரையில் சுமார் 1 கோடியே 40 லட்சம் மீன்கள் செத்தன. அந்தச் சமயத்தில்தான் குஞ்சுப் பொரிப்பகங்கள் கைகொடுக்க ஆரம்பித்தன. தொட்டித் தண்ணீரின் வெப்பத்தையும் வெளிச்ச நேரத்தையும் மாற்றி, ஒரு வருஷத்துப் பருவங்களைச் சில மாதங்களுக்குள் சுருக்கிக் காட்டினால் ரெட்ஃபிஷ் ஏமாந்து முட்டையிடும். இதை 1970களிலேயே போர்ட் அரன்சாஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கழிகளில் குஞ்சு விட்டதும் இதை வைத்துத்தான், பிற்பாடு பண்ணைகள் வந்ததும் இதை வைத்துத்தான்.

பிறகு வலைகளின் முறை. 1988இல் டெக்சாஸ் கழிகளில் செவுள் வலைக்கே தடை. ஃபுளோரிடாவில் 1994 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேருக்கு மேல் தடைக்கு வாக்களித்தார்கள், 1995 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக மடவை பிடித்து வாழ்ந்த கார்டெஸ் போன்ற ஊர்களுக்கு அது பேரிடி. மடவை பிடித்தவர்கள் வாணலி மோகத்துக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் வலை என்றால் எல்லாம் வலைதான் என்றாகிவிட்டது. 2007 அக்டோபரில் ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் போட்ட ஆணை, மத்திய எல்லைக்குள் ரெட்ஃபிஷ்ஷை விளையாட்டு மீனாகவே காப்பதை நாட்டின் கொள்கை என்று அறிவித்தது.

மீன் திரும்பி வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எத்தனை மீன் பிடிக்கலாம் என்பது ஒன்று. அதற்கு அறிவியல் பதில் சொல்லும். அந்த மீனை யார் பிடிக்கலாம் என்பது இன்னொன்று. அதற்கு அறிவியலிடம் பதில் கிடையாது, அது அரசியல். வலைக்காரருக்கு ஒரு அளவு வைத்து மீனைக் காப்பாற்ற முடியாதா? மிசிசிப்பி மாநிலத்தில் இன்றும் ரெட்ஃபிஷ் விற்பனைக்குச் சிறு ஒதுக்கீடு இருக்கத்தான் செய்கிறது. டெக்சாஸ் அந்த வழியில் போகவில்லை. மீனையும் காப்பாற்றியது, அதைப் பொழுதுபோக்குக்காரரிடம் ஒப்படைத்தும் விட்டது. இரண்டாவது வேலை முதலாவதன் பேரில் நடந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஒப்படைத்த பிறகு பொறுப்பும் அவர்களுடையதுதானே? டெக்சாஸில் ரெட்ஃபிஷ்ஷுக்கு இன்று 20 முதல் 28 அங்குலம் வரைதான் கணக்கு, ஒரு நாளைக்கு மூன்று. அதைவிடச் சின்னதை விட்டுவிட வேண்டும். பெரியதை வைத்துக்கொள்ள உரிமத்தோடு வரும் தனிச் சீட்டு வேண்டும், ஏன்னா அது கடலுக்குக் கிளம்பும் தாய்மீன். 2021 பிப்ரவரியில் மறுபடி கடுங்குளிர் வந்தது. குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன. கழியைவிட்டு அதிகம் நகராத புள்ளி ட்ரவுட்டுக்குப் பலத்த அடி. அந்த வசந்தத்திலேயே, ஏப்ரல் 1 முதல், லகூனா மாட்ரே கழியில் ஆளுக்கு மூன்று ட்ரவுட்தான் என்று அளவைக் குறைத்தார்கள்.

தூண்டில்காரர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் இந்த முறை கைநீட்டிக் குற்றம் சொல்ல அந்தக் கழியில் வலைக்காரர் யாரும் இல்லை.