முதுமாணிப் பட்டமும் வேலைபார்க்கும் மாணவனும்: வணிகக் கல்வி வரலாற்றில் நெகிழ்ச்சி

எம்.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் வியாபார நிருவாக முதுமாணிப் பட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனால் விளையும் பயனைப் பற்றியே பேசுவர். அப்பட்டத்துக்கு விதிக்கப்படும் நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன, அவை யாருக்காக இறுக்கப்பட்டன, யாருக்காகத் தளர்த்தப்பட்டன என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன. மேலும், நெகிழ்ச்சி என்னும் ஒரே சொல்லால் இருவேறு பொருள்கள் சுட்டப்படுகின்றன. எதைக் கற்பது என்பதில் மாணவனுக்குள்ள உரிமை ஒன்று. எப்போது, எங்கிருந்து கற்பது என்பதில் அவனுக்குள்ள உரிமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே வளர்ந்தன எனக் கொள்வதற்கு வரலாறு இடந்தரவில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரையில் இரண்டாவது உரிமையே என்றும் பெரிதாக இருந்துவந்துள்ளது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கிடைக்கிறது. 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855 இல் மூடப்பட்டது. அதில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, கற்பிக்கும் நிறுவனமாக அன்றித் தேர்வு நடத்தும் நிறுவனமாகவே தொடங்கியது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தாமோதரம்பிள்ளையும் அவரைப் போன்றே வட்டுக்கோட்டையிலிருந்து சென்ற விசுவநாதபிள்ளையும் தேறினர். தாமோதரம்பிள்ளை பின்னர் அரசாங்கக் கணக்குத் திணைக்களத்திற் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்று 1871 இல் பி.எல். பட்டமும் பெற்றார். தமிழ்ப் பதிப்பாசிரியராக மட்டும் அவரை அறிந்தோர், பகலில் கணக்கேடுகளோடும் இரவில் சட்டநூல்களோடும் காலங்கழித்த அந்த உத்தியோகத்தரை மறந்துவிடுவர். பகுதிநேரப் பட்டப்பின் மாணவன் என இன்று அழைக்கப்படுபவனின் முன்னோடியாக அவரைக் கொள்ளலாம்.

இலண்டன் முறையின் இயல்பு கூர்ந்து நோக்கற்பாலது. 1858 இல் அப்பல்கலைக்கழகம் பெற்ற புதிய சாசனம், எக்கல்லூரியிலும் பயிலாதவருக்கும் அதன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. பாடத்திட்டத்தில் ஓர் எழுத்தும் அசையாது. ஆயின் அதனைப் படிக்கும் இடமும் காலமும் மாணவனுடையவை. அமெரிக்காவில் வளர்ந்த மரபு இதற்கு நேர்மாறானது. 1869 முதல் 1909 வரை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய சார்ள்ஸ் எலியற், மாணவன் தன் பாடங்களைத் தானே தெரிந்துகொள்ளும் முறையை வளர்த்தார். ஆங்கே பாடம் நெகிழ்ந்தது. வளாகத்தில் இருந்தே கற்கவேண்டும் என்னும் விதி நெகிழவில்லை.

வணிகத்துக்கெனப் பட்டப்பின் படிப்பை முதலில் அமைத்தது 1900 இல் தோன்றிய டாட்மத் கல்லூரியின் ரக் கல்விக்கூடமாகும். எம்.பி.ஏ. என்னும் பெயரோடு அது 1908 இல் ஹாவார்டில் தொடங்கியது. தெரிவுரிமையைப் போற்றிய எலியற்றின் காலத்திலேயே தோன்றியபோதும், இப்புதிய கல்விக்கூடம் கணக்கியல், வணிக ஒப்பந்தச் சட்டம், அமெரிக்காவின் பொருளாதார வளங்கள் ஆகிய மூன்றையும் கட்டாயப் பாடங்களாக்கியது. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. சட்டமும் மருத்துவமும் போல வணிகமும் ஓர் உயர்தொழில் என நிறுவவேண்டிய தேவை அன்று இருந்தது. உயர்தொழில் எனின் அதனைச் சேர்ந்தோர் அனைவருக்கும் பொதுவான அறிவு ஒன்று இருத்தல் வேண்டும். முதலாம் ஆண்டு கட்டாயம், இரண்டாம் ஆண்டு தெரிவு என உலகெங்கும் பரவிய அமைப்பின் வேர் இதுவே.

ஆயின் நாளடைவில் தெரிவுப் பாடங்கள் மிகப் பெருகின. 1959 இல் போட் நிதியத்தின் ஆதரவில் கோர்டன், ஹவல் என்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வு, வணிகக் கல்விக்கூடங்கள் குறுகிய தொழிற்பயிற்சிப் பாடங்களைக் குவித்துவிட்டன எனக் கடுமையாகச் சாடியது. பொருளியல், கணிதமுறைகள், மனித நடத்தை பற்றிய அறிவியல் ஆகியவற்றின் மீது அடிப்படைப் பாடங்கள் அமையவேண்டும் என்னும் கருத்து அதன் பின்னரே வலுப்பெற்றது. எனவே, பாடத்தெரிவு காலந்தோறும் விரிந்துகொண்டே வந்தது என்று கூறுவது பொருந்தாது. அது விரிந்தும் சுருங்கியுமே வந்துள்ளது. காலத்தில் நெகிழ்ச்சியோ பாடத்திட்டக் குழுக்களின் விவாதத்தால் வந்ததன்று. 1943 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் பதவியிலிருக்கும் நிருவாகிகளுக்கெனத் தனி எம்.பி.ஏ. வகுப்பைத் தொடங்கியமைக்கு, வேலையை விட்டு வரமுடியாத மாணவர் இருந்தமையே காரணமாகும்.

இந்தியாவில் 1961 இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிறுவப்பட்ட முகாமைக் கழகங்கள் அமெரிக்க அமைப்பையே தழுவின. அவை பல்கலைக்கழகங்கள் அல்லவாகையால் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வரை பட்டமன்றி டிப்ளோமாவே வழங்கின.

இலங்கையில் 1921 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் பேணிய இலட்சியமோ வேறு. மாணவர் யாவரும் விடுதியில் ஒருங்கே வாழ்ந்து கற்கும் கூட்டுவாழ்வே அவர் கண்ட பல்கலைக்கழகம். பேராதனை அதன் வடிவம். அழகிய இலட்சியமே ஆயினும், குடும்பச் சுமையோடு கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவருக்கு அதில் இடமில்லை. அத்தகையோரைத் தாங்கியவை வெளிவாரித் தேர்வுகளே. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர் பலர் தம் பெயருக்குப்பின் இட்டுக்கொண்ட இலண்டன் பட்டம், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் தாமே படித்துப் பெற்றதாகும்.

1974 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளாகத்தில், திருநெல்வேலியில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும், பட்டப்பின் முகாமைக் கல்வி நெடுங்காலம் தெற்கையே மையமாகக் கொண்டிருந்தது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986 இல் உருவானது. இத்தகைய கற்கைநெறிகள் உத்தியோகத்தரின் வசதி கருதி வார இறுதியில் வகுப்புகளை நடத்தலாயின.

இங்கேதான் நெகிழ்ச்சியின் மறுமுகம் தெரிகிறது. கொழும்பில் வாழும் வங்கி உத்தியோகத்தருக்குச் சனிக்கிழமை வகுப்பு ஒரு சலுகை. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்து வங்கி உத்தியோகத்தருக்கு, வெள்ளி இரவு புறப்பட்டுத் திங்கள் விடியற்காலை மீளும் பயணம் அது. அப்பயணமும் 1990 இல் யாழ்தேவி நின்றதோடு ஏறத்தாழ இயலாததாயிற்று. 2014 ஒக்டோபரிலேயே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது திருநெல்வேலி வளாகமே வெறுமையாயிற்று. 2006 இல் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. இத்தனை ஆண்டுகள் குறித்த காலத்துள் படித்து முடித்தல் வேண்டும் என்னும் விதியை எழுதியோர், இவ்வாறான ஆண்டுகளை எண்ணிப்பார்த்திருக்க நியாயமில்லை.

இன்று திருநெல்வேலியிலேயே எம்.பி.ஏ. கற்கைநெறி நடைபெறுகின்றது. 2020 இல் பெருந்தொற்றின்போது விரிவுரைகள் இணையவழிக்கு மாறியமையால் தொலைவின் வலிமையும் குன்றியது. ஆயினும் வேலைபார்க்கும் மாணவனின் காலம் பெருகிவிடவில்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிற் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஆய்வோடு கூடிய முதுமாணிப் பட்டத்துக்கு 60 கிரெடிற் வேண்டும். அஃதாவது 3000 மணித்தியாலம். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாயின், ஒரு வாரமும் ஓய்வின்றிப் படித்தாலும் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலம் ஆகும். முழுநேர வேலைக்கு மேலாக இதனை யார் செலுத்துவர் என்பதைப் பாடப்பட்டியல் கூறுவதில்லை.

பட்டியலில் இடம்பெறாத நிபந்தனை மற்றொன்றும் உண்டு. இந்நாட்டில் முதுமாணி முகாமைக் கற்கைநெறிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஐந்தொகையையும் இலாப நட்டக் கணக்கையும் தமிழிற் கற்றுத் தேறிய ஒருவர், தாம் அறிந்த பொருளையே மீண்டும் பிறமொழிச் சொற்களால் கற்கிறார். கட்டாயப் பாடமா, தெரிவுப் பாடமா என எவரும் அதனைப் பெயரிடவில்லை, கிரெடிற்றும் அதற்கில்லை. ஆயினும் அந்த 3000 மணித்தியாலத்தில் ஒரு பகுதியை முதல் வகுப்பிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது.