நீர்ப்படிவும் அனற்பிறப்பும்

பாறைகளைப் படிவுப்பாறை என்றும் அனற்பாறை என்றும் இன்று பிரித்துரைக்கின்றோம். இப்பாகுபாடு நெடிய சொற்போர் ஒன்றின் விளைவாகும்.

1775 முதல் ஜெர்மனியின் பிரைபர்க் சுரங்கக் கல்லூரியிற் கற்பித்த வெர்னர், கிரானைட்டும் பசால்ட்டும் ஆதிக் கடல்நீரிற் படிந்தவையே என்றார். எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் ஹட்டனோ, அவை நிலத்தடி வெப்பத்தால் உருகி, பின் குளிர்ந்து இறுகியவை என்றார்.

அந்நகரின் சாலிஸ்பரிக் குன்றில் இருவகையும் ஒருங்கே காணப்படும். மணலும் சேறும் அடுக்கடுக்காய்ப் படிந்திறுகிய பாறை கீழே. பசால்ட்டை ஒத்த, அடுக்கற்ற கரும்பாறை மேலே. இரண்டும் பொருந்துமிடத்தில் கீழடுக்குகள் பெயர்ந்து வளைந்துள்ளன. நீரில் அமைதியாய்ப் படிந்த பொருள் தன்கீழ் அடுக்கைப் பெயர்க்குமோ? உருகிய நிலையில் இடையே புகுந்ததே அவ்வாறு செய்யவல்லது என ஹட்டன் துணிந்தார்.

அவர் 1797இல் மறைந்தார். மறு ஆண்டில் ஜேம்ஸ் ஹால் தம் ஆய்வை எடின்பரோ அரச கழகத்தில் அரங்கேற்றினார். அத்தகைய கல்லை உலையிலிட்டு உருக்க, விரைந்து குளிர்ந்தது கண்ணாடியாயிற்று. மெல்லக் குளிர்ந்தது மீண்டும் கல்லாயிற்று.

எனினும் வெர்னர் கூற்று முற்றும் பொய்த்ததன்று. படிவுப்பாறை நீரின் செயலுக்கு இன்றும் சான்றாகும். அனற்பாறை அச்செயலின் எல்லையைக் காட்டிற்று.