கண்டியின் நத்தார் கேக்கும் ஒரு தொப்பியின் விலையும்

தமிழகத்தில் கிறிஸ்துமஸ் என்கிறோம். இலங்கைத் தமிழருக்கு அது நத்தார். தமிழக வாசகர்கள் சிலர் இச்சொல்லின் பொருள் கேட்டு எழுதியிருந்தார்கள். போர்த்துக்கேய மொழியில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நத்தால் என்று பெயர். அதுவே சிங்களத்தில் நத்தல் என்றும் ஈழத்தமிழில் நத்தார் என்றும் நின்றுவிட்டது. தனியாக வந்த சொல்லுமல்ல. ரொட்டியைப் பாண் என்பதும், அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்பதும், அந்த அடுப்பு இருக்கும் அறையைக் குசினி என்பதும் அதே கப்பலில் வந்த சொற்கள்தாம்.

கடலோரத்தில் இச்சொற்கள் வழங்குவதில் வியப்பில்லை. கொழும்பும் யாழ்ப்பாணமும் மன்னாரும் போர்த்துக்கேயர் ஆண்ட நிலங்கள். கண்டியை அவர்கள் ஒருநாளும் நிலையாகப் பிடித்துவைத்திருந்ததில்லை. 1594இல் தந்துறையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவையிலும் அவர்களுடைய படைகள் அழிக்கப்பட்டன. படை நுழைய முடியாத மலைக்குள் பாணும் போறணையும் நத்தாரும் நுழைந்தன. கண்டியின் டிசம்பர் மாதத்தைப் பற்றி எழுத எனக்கு ஆர்வம் பிறந்தது இதனால்தான்.

நத்தார் கண்டிக்கு வந்தது வெற்றிபெற்றவர்களின் விழாவாக அல்ல; ஒளிந்துவந்தவர்களின் விழாவாக. 1658க்குப் பிறகு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. அவர்கள் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருமாரை விரட்டினார்கள். துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கரில் பலர் அடைக்கலம் தேடியது பௌத்த மன்னனின் கண்டி நாட்டில். கோவாவிலிருந்து மாறுவேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளும் 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற ஐயத்தில் முதலில் சிறைப்பட்டார். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவரைச் சுதந்திரமாக நடமாட விட்டான். 1697இல் பெரியம்மை பரவி நகரமே ஓடியபோது நோயாளிகளுடன் தங்கியவர் அவர். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மறைந்தார். 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பத்திரிகைகள் அற்புதங்களைப் பற்றி நிறைய எழுதின. ஒரு சிறுபான்மை மதத்தினருக்கு வேற்றுமத அரசன் இடங்கொடுத்தான் என்ற செய்தி, என் கருத்தில், அவற்றினும் பெரியது. அதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

அதற்குச் சற்று முன்னே கண்டி நாட்டில் வேறொரு கிறிஸ்தவர் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ராபர்ட் நொக்ஸ். 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் தந்தையோடு பிடிக்கப்பட்ட ஆங்கில மாலுமி. சிறைக்கூடம் கிடையாது, ஊர்களில் பிரித்து வைத்துவிட்டார்கள். வேளாவேளைக்குச் சோறு வந்தது, துணி வரவில்லை. ஆகவே அந்த ஆங்கிலேயர்கள் பருத்தி நூலில் தொப்பி பின்னி விற்கத் தொடங்கினார்கள். மேலைநாடுகளில் குளிர்காலத்துக் கைவேலை என்று பெண்கள் கணப்படுப்பருகே அமர்ந்து செய்யும் பின்னல்தான் இது. கண்டி நாட்டில் கைதிகளின் பிழைப்பாயிற்று.

அந்தத் தொப்பிகளுள் ஒன்றுக்கு வரலாற்றில் இடமுண்டு. ஒருநாள் நொக்ஸ் ஓடையில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் வந்து, அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். 1656இல் போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தம் கைக்கு வந்த புத்தகம் ஒன்று இருப்பதாகவும் சொன்னாராம். எடுத்துப் பார்த்தால் ஆங்கில விவிலியம். கையிலிருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கிவிட நொக்ஸ் துடித்தார். கடைசியில் விலை ஒரு பின்னல் தொப்பியோடு முடிந்தது. 1679இல் அவர் தப்பிச்சென்று அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவரது நூலில் இந்நிகழ்ச்சி விரிவாக இருக்கிறது. கண்டி நாட்டில் நடந்த பண்டமாற்றுகளில் இதைவிட மனநிறைவானதொன்றை நான் படித்ததில்லை.

1815இல் கண்டி பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தபிறகு கதை வேறு திசையில் போகிறது. மலைக்காடு அழிந்து கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பிப் பழம் பறிக்கத் தமிழகத்திலிருந்து நம் மக்கள் மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துவந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். கோப்பியின் அறுவடைக்காலம் ஏறக்குறைய நத்தாரை ஒட்டியே வரும். துரை பங்களாவில் பிளம் புட்டிங் வேகும் வாரமும், சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர்கள் மழையில் நனைந்து பழம் பறிக்கும் வாரமும் ஒன்றே. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அதே ஆண்டில்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அவ்வாண்டே கோப்பியை அழிக்கவந்த இலைநோயும் தென்பட்டது. சீமையிலிருந்து உலர்திராட்சையும் பிராந்தியும் தகரத்தில் அடைத்த புட்டிங்கும் முன்னைவிட விரைவாக மலைக்கு ஏறின. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் நிறுவனத்தின் கண்டிக் கடை, தலதா வீதியில், தோட்டத்துரைமாரின் டிசம்பர் மாதச் சந்தையாக நெடுங்காலம் விளங்கியது.

ஆயினும் இலங்கை நத்தார் கேக் இங்கிலாந்திலிருந்து வந்ததன்று என்பது என் துணிபு. அதன் கூட்டுப்பொருள்களைப் பாருங்கள். கோதுமை மாவு இல்லை, வறுத்த ரவை. கஜு எனப்படும் முந்திரிப்பருப்பு, பொடிப்பொடியாக நறுக்கியது. பாகில் பதப்படுத்திய நீற்றுப்பூசணி. சிங்களத்தில் புகுல் தோசி என்பார்கள். பாகிலிட்ட இஞ்சி. ஏலம், கராம்பு, கறுவா, சாதிக்காய். பன்னீர், தேன், பிராந்தி. முட்டையின் மஞ்சட்கரு இருபதுக்குக் குறையாமல். இப்பட்டியலில் உலர்திராட்சையும் பிராந்தியுமே சீமைச் சரக்கு. முந்திரி, பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. ரவையும் பன்னீரும் அரபு நாடுகளின் இனிப்புகளை நினைவூட்டுகின்றன. ஏலமும் கராம்பும் சாதிக்காயும் கண்டி, மாத்தளை வீடுகளின் கொல்லையில் விளைபவை. பறங்கியர் வீடுகளில் சுடும் லவ் கேக்குக்கு இது உடன்பிறப்பு. அதே வீடுகளில் நத்தார் காலையில் எடாம் பாலாடைக்கட்டியோடு உண்ணும் புரூடர் மட்டும் ஒல்லாந்தரின் நேரடி வரவு.

தமிழக, கேரள வாசகர்கள் அறிந்த பிளம் கேக்கின் கதை வேறு. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு, சீமைக் கேக் ஒன்றை மாதிரியாக வைத்துச் சுட்டார் என்பார்கள். அது பேக்கரியில் பிறந்த கேக், வாங்கப்படுவது. கண்டியின் கேக் வீட்டில் பிறந்தது. வாரக்கணக்கில் முன்கூட்டியே பழங்களை அரிந்து பிராந்தியில் ஊறவைக்க வேண்டும். மின் அடுப்பு வருமுன், மூடிமேல் தணலும் கீழே தணலுமாக மெல்லச் சுட்டார்கள். சுட்டு ஆறியதும் சிறு செவ்வகத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, அதன்மேல் வண்ணத்தாள் சுற்றி அயலாருக்குக் கொடுப்பார்கள். அயலார் பௌத்தரா, சைவரா, முஸ்லிமா என்று பார்ப்பதில்லை. பிராந்தி விலக்கியவர்களுக்கு வேறு தட்டு. சீனியும் பிராந்தியும் நிறைந்திருப்பதால் மாதக்கணக்கில் கெடாது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் வாழ்வோருக்குப் பெட்டியின் மூலையில் வைத்து அனுப்ப முடிவதும் இக்குணத்தால்தான்.

இந்தச் செய்முறையை நாடறியச் செய்தவற்றுள் முக்கியமானது, பெருமையோடு சொல்கிறேன், ஒரு பத்திரிகை வீட்டு நூல். ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் 1929இல் முதலில் வெளிவந்தது; பல பதிப்புகள் கண்டது. அரசியல் தலையங்கங்கள் எழுதிய எங்களைப் போன்றவர்களின் தாள்கள் மறுநாள் மீன் பொதியப் பயன்பட்டன. அந்தச் சமையல் நூலோ தாய் மகளுக்குக் கொடுக்கும் சீதனமாயிற்று. நான் வேலைபார்த்த நாளேடுகளிலும் டிசம்பர் பிறந்தால் கேக் குறிப்புக் கேட்டு வரும் அஞ்சலட்டைகள், ஆசிரியர் கடிதங்களைவிட அதிகமாயிருக்கும்.

அத்தகைய நூல்களில் இல்லாத பெயர்கள் சில உண்டு. குறிப்பைக் கொடுத்த சீமாட்டியின் பெயர் இருக்கும். ரவையை வறுத்து, கஜுவை நறுக்கி, தணலருகே இரவு விழித்திருந்த குசினிக்காரரின் பெயர் இராது. மலையகத் தோட்ட பங்களாக்களில் அந்தக் குசினிக்காரர் பெரும்பாலும் தமிழர். துரைசானி சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, எழுத்தறியாமலே அளவை நினைவில் வைத்து, அடுத்த துரைசானிக்குத் தாமே சொல்லிக்கொடுத்தவர்கள். பெரிய துரையின் பங்களாவுக்குக் கங்காணிமார் மாலையும் பழத்தட்டும் கொண்டுபோக, பதிலுக்குக் கேக் துண்டு ஒன்று கிடைக்கும். லயத்து வீட்டில் ஓவன் ஏது? அவர்களுடைய பண்டிகைக் கடைவீதி தீபாவளிக்குத்தான். அதுவும் தோட்டம் கொடுக்கும் முற்பணத்தில்; பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு பிரித்தது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் நீலகிரிக்கு வந்தவர்களைப் பற்றி எழுதக் கூடலூருக்குப் போயிருந்தேன். கண்டிக்கருகே ஒரு தோட்ட பங்களாவில் வேலைசெய்த மூதாட்டி ஒருவர், அந்தக் கேக்கின் செய்முறையை ஒரு பொருள்கூட விடாமல் ஒப்பித்தார். வாழ்நாளில் தமக்கென்று ஒருமுறையும் சுட்டதில்லை என்றார். நத்தார் என்றே சொன்னார். கிறிஸ்துமஸ் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவர் சைவர்.

இடையில் ஒரு வேடிக்கை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அமெரிக்க உளவுப் பிரிவின் கோப்புகளைக் கவனிக்கக் கண்டியில் அமர்த்தப்பட்ட பெண்களில் ஒருவர் ஜூலியா மக்வில்லியம்ஸ். அப்போது அவருக்குச் சமையல் தெரியாது. தம் வருங்காலக் கணவர் பால் சைல்டை அங்கேதான் சந்தித்தார். 1961இல் பிரெஞ்சுச் சமையல் நூலால் உலகப்புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் அவரே. கண்டியின் கேக்கை அவர் சுவைத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது!

கேக்கை விட்டுப் பரிசுப்பொருளுக்கு வருவோம். கண்டிக்குப் போகிறவர்கள் பித்தளை விளக்கோ, அரக்குவேலைப் பெட்டியோ, தும்பறைப் பாயோ வாங்காமல் திரும்புவதில்லை. இக்கைவினைகளைக் காக்கக் கண்டியக் கலைச் சங்கம் 1882இலேயே தோன்றியது. ஆனால் அவற்றின் பெருமையை உலகுக்கு எழுதிக்காட்டியவர் ஒரு தமிழரின் மகன். சர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, கனிமவள ஆய்வுக்காக நாட்டைச் சுற்றியபோது கண்டிக் கைவினைஞர்களைக் கண்டார். மனைவி எதெல் உடன் சென்று படமெடுத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் கைத்தறிக் கலைஞராகப் பெயர்பெற்ற எதெல் மெய்ரெட் அவர்தான். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற ஆனந்தரின் பெருநூல் 425 படிகள் மட்டும் அச்சாயிற்று. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப்பொறியில். மலிவான இயந்திரச் சரக்கு கைவினைஞனைத் தெருவில் நிறுத்துகிறது என்பதே அவருடைய ஆற்றாமை. பழைய வேலைப்பாட்டை மதிக்காத கண்டிப் பிரபுக்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1905இல் அவர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்.

குண்டசாலையை அடுத்த ஹேனவலையில் தும்பறைப் பாய் நெய்யும் குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. கற்றாழை போன்ற செடியின் இலையைச் சீவி நாராக்கி, சாயமிட்டு, தரையில் அமர்ந்து நெய்கிறார்கள். ஒரு காலத்தில் அரண்மனைக்கு நெய்த கைகள், சாதி அடுக்கில் கடைசியில் வைக்கப்பட்டிருந்தன. பாயை விரும்பியவர்கள் நெய்தவரை அருகில் அமர்த்தவில்லை. 2021இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கீகாரம் வந்த ஆண்டில் பெருந்தொற்றால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. டிசம்பரில் பரிசு வாங்குவோர் பெரும்பாலும் 2005இல் திறந்த கண்டி சிட்டி சென்டரில் ஏறுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பாய்க்கு ஆகும் நாள்களையும் வாங்குபவரின் சட்டைப்பையையும் பொருத்துவது எளிதன்று.

கேக்குக்கும் அதே கதி வந்தது. 2022இல் நாடு கடனடைக்க முடியாமல் நின்றபோது முட்டையும் வெண்ணெயும் கஜுவும் சாமானியருக்கு எட்டாதவையாயின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. இருபது மஞ்சட்கரு கேட்கும் செய்முறையை எட்டாகவும் ஆறாகவும் குறைத்த பெண்களை நான் அறிவேன். ரவையைக் கூட்டி, கஜுவுக்குப் பதில் நிலக்கடலை சேர்த்தவர்களும் உண்டு. வண்ணத்தாளில் சுற்றிய துண்டுகள் அப்போதும் வேலி தாண்டிப் போயின, துண்டுதான் சிறுத்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவுகளால் சிதைத்தது. வீதிகள் அறுந்தன, இருப்புப்பாதை தொங்கிற்று, லயங்கள் புதைந்தன. அந்த டிசம்பரில் வெளிநாடுகளிலிருந்து எங்கள் மக்கள் மலைக்கு அனுப்பியவை அரிசி, பருப்பு, போர்வை. கண்டியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வழக்கம்போல் எனக்கு ஒரு சிறு பொதி அனுப்பியிருந்தார். ஜனவரி பாதியில்தான் வந்துசேர்ந்தது. கேக் கெடவில்லை.