கிட்டம்

கிட்டம் (பெயர்ச்சொல்): இரும்பை உருக்கும்போது பிரியும் கசடு. வடமொழியின் 'கிட்ட' என்பதிலிருந்து வந்தது. சிட்டம் என்றும் வழங்கும். சித்த மருத்துவத்தில் பழைய இரும்புக் கிட்டத்துக்கு மண்டூரம் என்று பெயர்.

திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் காந்த இரும்புத்தாது உண்டு. தமிழகத்தில் இரும்புத்தாதை உருக்கிய பழைய உலைக்களங்களைக் காட்டிக்கொடுப்பது, கறுத்துத் துளைகளோடு கிடக்கும் கிட்டமே.

இன்றைய எஃகாலையில் உருகிய கிட்டம் எஃகின்மேல் போர்வையாகப் படர்ந்து சூட்டைக் காக்கிறது. அதன் வெப்பக் கடத்துதிறனை அளக்க, மெல்லிய பிளாட்டினக் கம்பியை அதில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்துவார்கள். கம்பியின் சூடு விரைந்து ஏறினால் கடத்துதிறன் குறைவு; மெல்ல ஏறினால் அதிகம்.

கொல்லர் பட்டறையின் இந்தச் சொல்லை நம் அறிவியல் பாடநூல்கள் அவசியம் எடுத்தாள வேண்டும்.